சாவி, குடை, ஆரஞ்சு, பாலம், சட்டை

நர்ஸம்மாவைக் கட்டிக்கொண்ட முதல் மாதத்திலேயே டிரைவருக்கு ஒன்று புரிந்துவிட்டது. இந்த வீட்டில் இனிமேல் சும்மா தும்ம முடியாது. ஒரு தும்மல் தும்மினால் நாக்கை நீட்ட வேண்டும், கண்ணின் கீழ் இமையை இழுத்துக் காட்ட வேண்டும், மூச்சை இழுத்து விட வேண்டும். சாலையில் எதிரே வரும் லாரிக்காரர்களை ஒரே முறைப்பில் ஓரங்கட்ட வைத்த மனிதர், வீட்டுக்கு வந்தால் தெர்மாமீட்டரை வாயில் கவ்விக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். "எங்க வீட்டுல ஸ்டியரிங் அவ கையில, ஹாரன்கூட என் கையில இல்லை" என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்வார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நர்ஸம்மா அந்த வட்டாரத்துச் சுகாதார நிலையத்தில் சேர்ந்தது சின்ன வயதில். ஆரம்பத்தில் குழந்தைகளுக்கு ஊசி. அவர் ஊசி போட்ட குழந்தைகள் வளர்ந்து, கல்யாணம் செய்து, தங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, குழந்தை அழுவதற்கு முன்னால் அப்பாக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். பழைய ஞாபகம்தான். நர்ஸம்மாவுக்கு அதைப் பார்ப்பதில் ஒரு தனி சந்தோஷம்.

பிறகு காலம் மாறியது. சுகாதார நிலையத்து வாசலில் குழந்தைகள் குறைந்து பெரியவர்கள் பெருகினார்கள். அடுப்பை எரியவிட்டு மறந்துபோனவர், பெற்ற மகளைப் பார்த்து "நீங்க யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்டவர், கடைக்குப் போன வழி தெரிந்து வந்த வழி தெரியாமல் நின்றவர் என்று வாரம் ஒருவராவது வந்தார். வீட்டில் இருக்கிறவர்கள், "வயசானா அப்படித்தானே" என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தி, கை மீறிய பிறகு கூட்டிக்கொண்டு வருவார்கள். அதனால் அறுபது தாண்டிய எல்லாருக்கும் ஒரு ஞாபகச் சோதனை வைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அந்த வேலை நர்ஸம்மாவின் தலையில் விழுந்தது.

சோதனை ஒன்றும் பிரமாதமில்லை. நர்ஸம்மா ஐந்து வார்த்தைகளைப் படிப்பார். எதிரில் இருக்கிறவர் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு பேச்சை மாற்றித் தேதி கேட்பார், கிழமை கேட்பார், ஒரு கடிகாரம் வரையச் சொல்வார். எல்லாம் முடிந்து, "முதல்ல அஞ்சு வார்த்தை சொன்னேனே, என்னென்ன?" என்பார். அப்போது அந்த அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். கணவன் விழிப்பார், பக்கத்தில் இருக்கும் மனைவி உதட்டைக் குவித்தும் விரித்தும் ஊமைப்படம் காட்டுவார். நர்ஸம்மா பேனாவைக் கீழே வைத்துவிடுவார். "நீங்க எடுத்துக் குடுத்தா நான் யாருக்கு வைத்தியம் பாக்கறது? தரையைப் பாருங்க. அவர் என்னைத் திரும்பிப் பாத்தாலும் சரி, உங்களைத் திரும்பிப் பாத்தாலும் சரி, நீங்க தரையைத்தான் பாக்கணும்." எத்தனையோ மனைவிகளும் கணவன்களும் அந்த அறையின் தரையைப் பார்த்துக் கண்கலங்கியிருக்கிறார்கள்.

மார்க் குறைந்துபோனால் குடும்பத்தின் முகம் தொங்கிவிடும். அதற்கும் நர்ஸம்மாவிடம் ஒரு வாசகம் இருந்தது. "பயப்படாதீங்க. சீக்கிரமே கூட்டிட்டு வந்துட்டீங்க. அதுவே பாதி வைத்தியம்." வட்டாரத்தில் இந்த வாசகம் தெரியாதவர் இல்லை. டிரைவர் சீண்டுவார்.

"ரெண்டு வருஷம் லேட்டா வந்தவங்ககிட்டயும் இதையேதானே சொல்றே?"

"பின்னே, அழுதுட்டு நிக்கிறவங்ககிட்ட ஏன் லேட்டுன்னு கேக்கவா? இது என்ன உங்க பஸ்ஸா?"

இனி அந்த அட்டைகளின் கதை. மேலிடம் ஐந்து அட்டைகள் கொடுத்திருந்தது. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு ஐந்து வார்த்தைகள். மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும் என்றுதான் உத்தரவு. ஆனால் இரண்டாம் அட்டையில் யானை இருந்தது. யானை என்றதும் பெரியவர்கள் எல்லாரும் தாங்கள் யானை பார்த்த கதையை ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவருக்கே மத்தியானம் ஆகிவிடும் போலிருந்தது. "எனக்கு ஒண்ணாம் அட்டையே போதும்" என்று நர்ஸம்மா மீதியை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டார். மூன்றாம் அட்டையின் உறையை அவர் பிரிக்கவேயில்லை. ஆக, வருஷக்கணக்காக, வந்தவர் போனவர் எல்லாருக்கும் சாவி, குடை, ஆரஞ்சு, பாலம், சட்டைதான்.

கேள்வித்தாள் வெளியாகாமல் இருக்குமா? தெருமுக்குச் சலூனில் வெளியானது. பெரியவர்களுக்கு அந்தச் சோதனை என்றால் உள்ளூரப் பயம். மார்க் குறைந்தால் மகன் சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொள்வான், மருமகள் அடுப்படிக்குள் விடமாட்டாள். அதனால் சோதனை முடித்து வந்தவர் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தார். முடி வெட்ட வேண்டியவர்களோடு முடியே இல்லாதவர்களும் வந்து பெஞ்சில் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். சலூன்காரர் கத்திரியை ஆட்டிக்கொண்டே கேள்வி கேட்பார். தப்பாகச் சொன்னால் மீசை போய்விடும் என்று பயமுறுத்துவார். ஓய்வுபெற்ற வாட்ச்மேன் ஒருவர் பெயர் என்ன என்று கேட்டாலே, "சாவி, குடை" என்று தொடங்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

அந்த வட்டாரத்துப் பெரியவர்கள் நினைவாற்றலில் எல்லா வட்டாரத்தையும் மிஞ்சினார்கள். மேலதிகாரி வந்து நர்ஸம்மாவின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அடுத்த மாதமே, முழு மார்க் வாங்கியிருந்த அந்த வாட்ச்மேன் பக்கத்துத் தெருவில் யாரோ வீட்டுப் பூட்டில் தன் சாவியைப் போட்டுத் திருகி, கதவைத் திறந்த வீட்டுக்காரரைத் திருடன் என்று பிடித்துக்கொண்டார். "மார்க்கு முழுசா இருக்கே!" என்று நர்ஸம்மா ரெண்டு நாள் குழம்பினார். பிறகு விட்டுவிட்டார். கை குலுக்கப்பட்ட பிறகு யாருக்குத்தான் நோண்டிப் பார்க்க மனசு வரும்?

நர்ஸம்மா ஓய்வுபெற்றார். அதற்கு முன்பே டிரைவரும் ஓய்வுபெற்று வீட்டில் இருந்தார். தெருக்கோடி வீட்டு அம்மாவுக்குக் காலில் ஆறாத புண். நர்ஸம்மா தினம் ஒரு நடை போய்க் கட்டு மாற்றிவிட்டு வருவார். ஒருநாள் டிரைவர் அந்த வழியாகப் போனபோது அந்த அம்மா வாசலில் உட்கார்ந்துகொண்டு வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். "உங்க வீட்டம்மாவுக்கு என்ன பாசம்ங்க! காலையில கட்டு மாத்தினாங்க, சாயங்காலம் மறுபடியும் வந்து மாத்தினாங்க. நேத்தும் அப்படித்தான்." தனியாக இருக்கும் அந்த அம்மாவுக்கு ஆள் வந்து பேசிவிட்டுப் போவதே பெரிசு. அதைப் போய்க் குறையாகச் சொல்வாரா?

டிரைவர் அதைப் பாசம் என்றே எடுத்துக்கொண்டார். நர்ஸம்மா ஒரே கதையைச் சாப்பாட்டின்போது ரெண்டு தரம் சொன்னதையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. தெர்மாமீட்டரைக் கடித்து முழுங்கப் பார்த்த கிழவரின் கதையை அவர் கல்யாணமான நாளிலிருந்து கேட்டு வருகிறார். புருஷன்மார்களுக்கு இது புதிதா என்ன? ஒருநாள் கடையிலிருந்து திரும்பும்போது நர்ஸம்மா எதிர்ப்பக்கத்து நிறுத்தத்தில் போய் நின்றார். "இந்தப் பக்கம் நிழலா இருக்கு" என்றார். அந்தப் பக்கம்தான் வெயில் கொளுத்தியது. டிரைவர் அவர் கையைப் பிடித்து வீட்டுக்குப் போகும் பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

மாத்திரை விஷயம்தான் அவரை உலுக்கியது. காலையில் ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு பேப்பரை விரித்திருந்தார். நர்ஸம்மா மாத்திரையும் தண்ணீருமாக வந்து நின்றார்.

"போடுங்க."

"இப்பத்தானேம்மா போட்டேன்."

"யார்கிட்ட கதை விடறீங்க? நான் இன்னும் குடுக்கவே இல்லை."

மருந்து விஷயத்தில் அவர் என்றைக்கு ஜெயித்திருக்கிறார்? வாயைத் திறந்தார், முழுங்கினார். சற்றுநேரத்தில் துணி காயப்போடும் இடத்தில் தலை சுற்றிக் கீழே விழுந்தார். நெற்றியில் புடைத்துக்கொண்டது. நர்ஸம்மா பதறி ஓடி வந்து அழுத்தத்தைப் பார்த்து, "ஏன் இப்படி இறங்கிக் கிடக்கு?" என்று அவரையே திட்டினார். டிரைவர், "கால் வழுக்கிடுச்சு" என்றார்.

அதற்குப் பிறகு ரெண்டாவது மாத்திரை வந்தால் கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்து, ஜன்னலோரச் செடித்தொட்டியில் துப்பினார். அந்த வருஷம் அந்தச் செடிக்கு ரத்த அழுத்தம் ஏறவேயில்லை. ஒருநாள் தண்ணீர் ஊற்றப்போன நர்ஸம்மா மண்ணில் வெள்ளை வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டார். மாத்திரையைப் போடாமல் ஏமாற்றுகிறார் என்று வீடே இரண்டுபடப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்று வாங்கிக்கட்டிக்கொண்டார் டிரைவர். உண்மையைச் சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் அவள் எப்படித் தாங்குவாள் என்ற நினைப்பில் உள்ளே போய்விட்டது.

வெளியூரில் இருக்கும் மகளுக்குச் சொல்லாமலே தெரிந்துவிட்டது. போனில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் பெற்ற பிள்ளைக்குத் தெரியாதா? "அப்பா, அம்மாவைக் கூட்டிட்டுப் போய் ஒரு தடவை காட்டுங்க" என்று பிடிவாதமாக நின்றாள்.

நர்ஸம்மாவுக்கு வந்ததே கோபம்! "எனக்கா? எனக்கே டெஸ்ட்டா?" பிறகு என்ன நினைத்தாரோ, "வாங்க, போய் மார்க் வாங்கிட்டு வந்து உங்க ரெண்டு பேர் வாயையும் அடைக்கிறேன்" என்று கிளம்பிவிட்டார்.

சுகாதார நிலையத்தில் அவர் உட்கார்ந்த அதே அறை. அவர் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது ஒரு சின்ன வயது டாக்டர். படிக்கிற காலத்தில் நர்ஸம்மாவிடம் கட்டுப்போடக் கற்றுக்கொண்ட பெண். "சிஸ்டர், உங்களுக்குப் போய் நான் வைக்கணுமா?" என்று வெட்கப்பட்டுக்கொண்டே மேலே கிடந்த அட்டையை எடுத்தார். இழுப்பறையில் மேலே கிடப்பது எது? ஒன்றாம் அட்டை.

"சாவி, குடை, ஆரஞ்சு..."

"பாலம், சட்டை" என்றார் நர்ஸம்மா.

டாக்டர் சிரித்துவிட்டார். தேதியில் ஒரு சின்னத் தடுமாற்றம். "ரிட்டயர் ஆனவங்களுக்குத் தேதி எதுக்கு டாக்டர்?" என்று நர்ஸம்மா போட்ட போட்டில் அதுவும் சிரிப்பில் போய்விட்டது. கடைசியில் ஐந்து வார்த்தைகளையும் ஒரே மூச்சில் கொட்டினார். வெளியே வந்ததும் மகளுக்குப் போன் போட்டு, "அஞ்சுக்கு அஞ்சு! உங்கப்பாவுக்குத்தான் அடுத்து வைக்கணும்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். டிரைவரும் சிரித்தார். சிரிக்கும்போதே அவருக்கு நெஞ்சு கனத்தது.

காரணம் வேறு யாருக்கும் புரியாது, டிரைவருக்குத்தான் புரியும். ஒரே தடத்தில் இருபது வருஷம் பஸ் ஓட்டியவர் அவர். பழகிய தடத்தில் டிரைவர் அரைத்தூக்கத்தில் இருந்தாலும் வண்டி போய்ச் சேர்ந்துவிடும். எங்கே திருப்ப வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று கையும் காலும் தாமாகவே பார்த்துக்கொள்ளும். ஒருநாள் சாலையைத் தோண்டிப்போட்டு வேறு வழியாக விட்டால்தான் தெரியும், டிரைவர் முழித்திருக்கிறாரா இல்லையா என்று. டாக்டர் சொல்வதற்கு முன்பே நாலாவது வார்த்தையைச் சொன்னவர், தடத்தில் போனார். அவ்வளவுதான்.

மறுநாள் முழுக்க டிரைவர் புதிதாக ஐந்து வார்த்தைகளை யோசித்தார். பஸ், டயர், பிரேக் என்றே வந்துகொண்டிருந்தது. தன் மூளையில் வேறு சரக்கே இல்லையா என்று அவருக்கே வெறுத்துப்போனது. மத்தியானம் நர்ஸம்மா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். டிரைவர் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் ஒரு டெஸ்ட் வைக்கிறேன், பாஸ் பண்றியா?"

"நீங்களா? பாஸானா எனக்கு லைசென்ஸ் தருவீங்களா?"

"தொப்பி, தவளை, ஏணி, மிளகு, கடிதம். திருப்பிச் சொல்லு."

"தொப்பி, தவளை, ஏணி, மிளகு, கடிதம். தவளையை எங்கிருந்து பிடிச்சீங்க?" என்று சிரித்தார் நர்ஸம்மா. பேச்சு தவளையிலிருந்து மழைக்குப் போய், மழையிலிருந்து தெர்மாமீட்டரைக் கடித்த கிழவரிடம் போனது. டிரைவர் அந்தக் கதையை இதுவரை கேட்காதவர் போலக் கேட்டார். வெங்காயம் உரித்து முடிந்தது.

"சரி, நான் சொன்ன அஞ்சு என்னென்ன?"

நர்ஸம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "சாவி, குடை, ஆரஞ்சு, பாலம், சட்டை."

நர்ஸம்மா நிமிர்ந்து டிரைவரின் முகத்தைப் பார்த்தார். அந்த மாதிரி முகங்களை அவர் எத்தனை பார்த்திருக்கிறார்! உள்ளே சோதனை நடக்கும்போது பக்கத்து நாற்காலியில் இருக்குமே, அந்த முகம்.

"அது இல்லையா?"

"அதுதான், அதுதான். எல்லாம் சரி. முழு மார்க்கு."

"பொய் சொன்னா உங்க காது சிவக்கும். உண்மையைச் சொல்லுங்க, எத்தனை சரி?"

"ஒண்ணு... ரெண்டு இருக்கும்."

"ஒண்ணுமே இல்லை. அப்படித்தானே?"

டிரைவர் வெங்காயத் தோலைப் பொறுக்கி ஒரு பக்கமாகக் குவித்தார். நர்ஸம்மா ஜன்னலைப் பார்த்தார். அங்கே அந்தச் செடி தளதளவென்று நின்றது.

"அந்தத் தொட்டியில கிடந்த மாத்திரை... நான் ரெண்டு தடவை குடுத்தேனா?"

"சில நாள்தான்."

"நீங்க விழுந்தது?"

"அது கால் வழுக்..." என்று ஆரம்பித்தவர், காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிறுத்திவிட்டார்.

நர்ஸம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வெங்காயத்தின் மேல் பழிபோடக்கூட அவர் முயற்சி செய்யவில்லை. "ஏற்கெனவே போட்டாச்சுன்னு அடிச்சுச் சொல்ல வேண்டியதுதானே? நான் குடுத்தா விஷத்தைக்கூட முழுங்கிடுவீங்களா?"

"இத்தனை வருஷமா அப்படித்தானே முழுங்கிட்டு இருக்கேன்" என்றார் டிரைவர். அழுகையோடு அழுகையாக நர்ஸம்மா சிரித்துவிட்டார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு மறுபடியும் போவோம்" என்றார்.

மறுநாள் டாக்டர் அட்டையை எடுப்பதற்குள் நர்ஸம்மா இழுப்பறையைக் கை காட்டினார். "ஒண்ணாவது வேண்டாம் டாக்டர். அது எனக்கு மட்டும் இல்லை, இந்த ஏரியாவுக்கே மனப்பாடம். அடுத்தவர் வீட்டுப் பூட்டைத் திருகின வாட்ச்மேனுக்கு முழு மார்க்கு எப்படி வந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது. இங்க யாருக்கும் மறதி இல்லைன்னு நாங்க கை குலுக்கிக்கிட்டதெல்லாம் சும்மா. வாட்ச்மேன்ல ஆரம்பிச்சு எல்லாரையும் மறுபடியும் கூப்பிடுங்க. எனக்கு அந்த மூணாவது உறையைப் பிரிங்க. அதை நான் தொட்டதே இல்லை."

டாக்டரின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. உறையைப் பிரித்து ஐந்து வார்த்தைகளைப் படித்தார். நர்ஸம்மா திருப்பிச் சொன்னார். தேதியில் தடுமாறினார், கடிகாரத்தின் முட்களை எங்கே வைப்பது என்று பேனாவைத் தூக்கிக்கொண்டே இருந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த டிரைவர் உள்ளுக்குள் ஐந்தையும் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவருக்கு ஐந்தும் பளிச்சென்று ஞாபகம் இருந்தது. அது அவருக்குத் தாங்க முடியாத பாரமாக இருந்தது.

"இப்போ அந்த அஞ்சும் சொல்லுங்க, சிஸ்டர்."

"விளக்கு" என்றார் நர்ஸம்மா. "அப்புறம்... படகு." பிறகு ஒன்றும் வரவில்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

மீதி மூன்று வார்த்தையும் டிரைவருக்கு வாய்வரை வந்துவிட்டது. ஒரு சின்ன உதட்டுக் குவிப்பு போதும். வாழ்நாளில் அவள் அவரிடம் உதவி என்று கேட்டதேயில்லை, இதுதான் முதல் தடவை. டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து தரையைப் பார்த்தார். தரை முழுக்கக் கலங்கித் தெரிந்தது.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார். ரத்தம் பார்க்க வேண்டும், தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும், சில காரணங்கள் சரிசெய்யக்கூடியவை, சரிசெய்ய முடியாததாக இருந்தாலும் செய்வதற்கு நிறைய இருக்கிறது, மாத்திரைப் பெட்டி இனி சாரின் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டே போனார். டிரைவருக்கு எதுவும் காதில் ஏறவில்லை. தரையைப் பார்த்தபடியே இருந்தார்.

அவருடைய கையின் மேல் ஒரு கை வந்து விழுந்தது. ஊசி போட்டுவிட்டுக் குழந்தையின் தொடையைத் தேய்த்துவிடுவாரே, அதே மாதிரி தேய்த்துவிட்டார் நர்ஸம்மா.

"பயப்படாதீங்க" என்றார். "சீக்கிரமே கூட்டிட்டு வந்துட்டீங்க. அதுவே பாதி வைத்தியம்."

டிரைவர் சீண்டவில்லை. "சரிங்க, நர்ஸம்மா" என்றார்.